ரேணுவுக்குக் கட்டிக் கொடுத்தது

பெற்ற மகளுக்கு மூன்று வருஷமாகத் தன் கையாலேயே விஷத்தை ஊட்டி வந்திருக்கிறோம் என்பது கன்னியம்மாளுக்குத் தெரிய வந்தது 1973ஆம் வருஷம் ஆனி மாதத்தில். வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மாடி வராந்தாவில், பினாயில் நெடிக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பெஞ்சு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அதுநாள்வரை அதை அவள் வைத்தியம் என்றே நினைத்திருந்தாள்.

ஆரணியில் பட்டுத்தறி ஓடுகிற தெருக்களில் ஒன்றில் அவர்கள் வீடு. புருஷன் வீரபாகு தறியில் இறங்கி உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பான். கன்னியம்மாள் நாலு தெரு தள்ளி முதலாளி வீட்டுக் கூடத்தில் ஏழெட்டுப் பெண்களோடு உட்கார்ந்து ராட்டையில் பட்டு நூல் சுற்றுவாள். காலையில் போனால் பொழுது சாயத்தான் வீடு. அடுப்படி வீரபாகுவின் அக்கா ஜெயத்தின் கையில் இருந்தது. கல்யாணமான இரண்டாம் வருஷமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள் அவள். படவேட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டு ஐந்து வருஷம் காத்திருந்து பிறந்த ஒரே பெண்ணுக்கு ரேணுகாம்பாள் என்று பெயர் வைத்தார்கள். கூப்பிடுவது ரேணு.

ஒன்றரை வயதுவரை ரேணு கொழுக்கு மொழுக்கு என்றுதான் இருந்தாள். அப்புறம் வயிற்றால் போக ஆரம்பித்தது. போனது போனதுதான், நிற்கவில்லை. கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் பானை மாதிரி உப்பியது. சவலை என்றார்கள். தாயத்துக் கட்டினார்கள், வசம்பு சுட்டுக் கொடுத்தார்கள். கடைத்தெரு டாக்டர் ஒருவர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சோறு ஜீரணிக்கிற சக்தி இல்லம்மா. பன்னு, ரொட்டி, பிஸ்கட்டு குடு. வயித்துக்கு லேசா இருக்கும்" என்றார். நல்ல மனுஷர்தான். அந்தக் காலத்தில் எந்த டாக்டரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

அன்றிலிருந்து விடிந்ததும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்ச் சுடச்சுடப் பன் வாங்கி வந்து, பாலில் நனைத்து நனைத்து ஊட்டினாள் கன்னியம்மாள். குழந்தை மோசமானால் இன்னும் ஒரு பன். கழிச்சல் கூடினால் சோற்றை அடியோடு நிறுத்திவிட்டு ரொட்டி மட்டும். நாலு வயதில் ரேணுவுக்குச் சாப்பாடு என்றால் பன்தான், ரொட்டிதான். வேறு எதைக் காட்டினாலும் தலையைத் திருப்பிக்கொள்வாள்.

வேலூரில் குழந்தையின் தொண்டைக்குள் குழாய் விட்டுக் குடலிலிருந்து ஒரு துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். நரைத்த கொண்டை போட்ட டாக்டரம்மா, கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்:

"இந்தக் குழந்தைக்குக் கோதுமை ஆகாது. கோதுமை, மைதா, ரவை, சேமியா, பன், ரொட்டி, பிஸ்கட் எதுவுமே கூடாது. ஒரு துணுக்குக்கூட."

"எத்தினி நாளைக்குங்கம்மா?" என்று கேட்டாள் கன்னியம்மாள்.

"உயிரோட இருக்கிற வரைக்கும்."

"மருந்து?"

"மருந்து கிடையாது. கொடுக்காம இருக்கிறதுதான் மருந்து."

"பன்னுதாங்கம்மா மூணு வருசமா குடுத்துகினு இருக்கேன்" என்றாள் கன்னியம்மாள். டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, "உங்க மேல தப்பில்லை, உங்களுக்குத் தெரியாது" என்றார். அந்த வார்த்தை கன்னியம்மாளின் காதில் விழுந்தது. ஆனால் உள்ளே இறங்கவில்லை, சாகிறவரை இறங்கப் போவதுமில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் வீரபாகு சொன்னான்: "சோறு துன்ற ஊர்ல பொறந்துட்டு, கோதுமை ஆவலன்னா இன்னா கெட்டுப்போச்சு இப்போ? சோறு துன்னட்டும். இதுக்குப் போயி மூஞ்சத் தூக்கி வச்சிகினு."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ரேணு சோறு தின்னவில்லை. குழையவிட்டு ஊட்டினால் துப்பினாள். இட்லி புளிக்கிறது என்றாள். கேழ்வரகு அடை கறுப்பு, அதைத் தொடவே மாட்டாள். பொரி நாக்கில் ஒட்டுகிறது. பொட்டுக்கடலை தொண்டையில் மாவாகிறது. கடலை உருண்டை பல்லில் குத்துகிறது. "பன்னு" என்று மூன்று நாள் அழுதாள். ஐந்து வயதுப் பிள்ளை, எழுந்து நிற்கத் தெம்பில்லாத பிள்ளை, அழுவதற்கு மட்டும் எங்கிருந்தோ தெம்பு வந்தது. தான் கற்றுக் கொடுத்த ருசியைத் தானே பிடுங்க வேண்டியிருந்தது கன்னியம்மாளுக்கு. நாலாம் நாள் வேறு வழியில்லாமல் ரேணு இரண்டு வாய் பால்சோறு விழுங்கினாள். அதையும் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, அம்மா மடியில் உட்கார்ந்தால்தான் விழுங்குவாள்.

அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அங்கே மத்தியானம் அமெரிக்காவிலிருந்து உதவியாகக் கப்பலில் வந்த கோதுமையில் உப்புமா கிண்டிப் போடுவார்கள். கன்னியம்மாள் போய் வாத்தியாரம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிக் கெஞ்சினாள். வாத்தியாரம்மா, "அப்படின்னா வீட்டுலருந்து ஏதாச்சும் கட்டிக் குடுத்தனுப்புங்க" என்று முடித்துவிட்டார்.

கட்டிக் கொடுக்க எது இருக்கிறது? ரேணு மத்தியானம் வீட்டுக்கு வந்து போகத் தொலைவு. பால்சோறு பத்து மணிக்கே திரிந்து நாறும். கையில் பிடிக்கிற மாதிரி வேண்டும், மடியில் கட்டினால் நொறுங்கக் கூடாது, ஒழுகக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாக ரேணு அதைத் தின்ன வேண்டும். அரிசி முறுக்குச் சுட்டு அனுப்பினாள். சாயங்காலம் அப்படியே திரும்பி வந்தது.

"ஏண்டி துன்னல?"

"கடிச்சா சத்தம் வருது. எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க."

"பின்ன இன்னாதான் வேணும் உனுக்கு?"

"பிஸ்கட்டு."

அரிசி மாவில் பிஸ்கட் செய்தால் என்ன என்று அப்போதுதான் கன்னியம்மாளுக்குத் தோன்றியது. சொல்வதற்கு லேசு. அரிசி மாவு சேராது. தட்டினால் விரிந்தது, சுட்டால் உடைந்தது, டப்பாவில் போட்டால் தூளானது. வெல்லப்பாகு ஊற்றிப் பார்த்தாள், கல்லானது. குழைந்த சோற்றை மசித்துப் பிசைந்தாள், ரப்பராக இழுத்தது. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் இப்படிப் போயின. கடைசியில் ஜவ்வரிசியை ஊறவைத்துக் காய்ச்சிப் பசையாக்கி, வறுத்த அரிசி மாவும் பொட்டுக்கடலை மாவும் அதில் சேர்த்து, வெண்ணெயும் சர்க்கரையும் போட்டுப் பிசைந்தபோது மாவு கைக்குள் நின்றது. பவுடர் டப்பா மூடியால் வட்டம் வட்டமாக வெட்டி, கடையில் விற்பதுபோல மேலே குச்சியால் புள்ளி குத்தி, தோசைக்கல்லைத் தணலில் வைத்துத் திருப்பித் திருப்பி வாட்டினாள். வயிறு உப்பக் கூடாதே என்று மாவில் ஒரு சிட்டிகை பெருங்காயமும் கரைத்து ஊற்றியிருந்தாள்.

ரேணு முகர்ந்து பார்த்தாள். ஓரத்தைக் கடித்தாள். கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தாள். அப்புறம் முழுதையும் தின்றுவிட்டு இன்னொன்றுக்குக் கை நீட்டினாள். அடுப்படி வாசலில் நின்றிருந்த ஜெயம்கூட முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் ஆறு மாதம் கழித்து வேலூருக்குப் போனபோது ரேணுவின் எடை ஒரு பிடிகூட ஏறவில்லை. டாக்டரம்மா இந்தத் தடவை கடுமையாகவே பேசினார்.

"எங்கேயோ கோதுமை உள்ளே போகுது. என்கிட்ட மறைக்கிறீங்க."

"என் கொழந்த மேல சத்தியமா இல்லைங்கம்மா!"

"சத்தியம் வேண்டாம். வீட்டுல தேடிப் பாருங்க."

தேடினாள். முதலில் மாவு மில்லுக்குப் போய் நின்றாள். அவளுக்கு முன்னால் ஒருத்தி ரேஷன் கோதுமையைக் கொட்டி அரைத்துக்கொண்டிருந்தாள். அந்த வாயிலேயேதான் அடுத்து இவளுடைய அரிசி. அன்றோடு மில்லை விட்டாள். பழைய கல் ஏந்திரம் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, விடிகாலையில் எழுந்து அரிசியைத் தானே அரைத்தாள். பகலெல்லாம் ராட்டை சுற்றும் கை, காலையில் ஏந்திரமும் சுற்றியது. வலது தோள் அப்போது பிடித்துக்கொண்டதுதான், அப்புறம் விடவேயில்லை. அப்படியும் ரேணுவுக்குக் கழிச்சல் நிற்கவில்லை.

அதற்குள் கடைத்தெருவில் அவளுக்குக் 'கோதுமைக் கன்னியம்மா' என்று பெயர் விழுந்துவிட்டது. எந்தச் சாமானை வாங்கினாலும் இதில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்காமல் வாங்க மாட்டாள். ஒருநாள் தணிகாசலம் மளிகைக் கடையில் கட்டிப் பெருங்காயம் கேட்டபோது, தணிகாசலம் அதை நறுக்கிக்கொண்டே சிரித்தார்.

"ஏம்மா, உப்புகூட எதுல செஞ்சதுன்னு கேக்கற. இத மட்டும் கேக்கவே மாட்டேன்றியே?"

"பெருங்காயத்துல கேக்க இன்னாங்க கீது?"

"பால் பெருங்காயம்னா அது வேற. இது கூட்டுப் பெருங்காயம். மைதா மாவு கலக்காம எப்பிடிம்மா கட்டி புடிக்கும்?"

கன்னியம்மாள் கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டாள். தணிகாசலம் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவள் குடிக்கவில்லை. பெருங்காயத்தையும் வாங்காமல் வீட்டுக்கு நடந்தாள். வயிறு உப்பக் கூடாது என்று போட்டது, ஒவ்வொரு வாயிலும் ஒரு சிட்டிகை, ஆறேழு மாதம். அன்று மாலை புழக்கடையில் உட்கார்ந்து வலது கையை இடது கையால் அறைந்துகொண்டே இருந்தாள். ஜெயம்தான் வந்து கையைப் பிடித்து நிறுத்தினாள்.

பெருங்காயம் நின்றது. ஒரு மாதத்தில் கழிச்சலும் நின்றது. இரண்டு மாதத்தில் ரேணு தெருவில் ஓடினாள். கன்னியம்மாள் வாழ்க்கையில் நல்ல காலம் என்று சொன்னால் அந்த ஒன்றரை வருஷம்தான்.

1976 தீபாவளிக்கு முந்தின நாள் ஜெயம் அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க மைதா மாவில் சோமாசு சுட்டாள். ரேணு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைதான் இப்போது நன்றாகத் தேறிவிட்டதே என்று ஜெயத்துக்குப் பட்டிருக்கிறது. கன்னியம்மாள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ஒன்று கொடுத்தாள். ஒன்று மூன்றானது. தீபாவளி முடிந்து பதினெட்டு நாள் ரேணு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள்.

திரும்பி வந்த அன்று கன்னியம்மாள் நாத்தனாரைப் பிடி பிடியென்று பிடித்துக்கொண்டாள்.

"ஒரு பெத்த வயிறா இருந்தா இந்த வேலையைச் செய்வியா நீ?"

சொல்லக் கூடாத வார்த்தை. சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. "நான் இன்னா எதிரியா? கொழந்த கண்ணு அதும் மேலயே இருந்திச்சி" என்று ஜெயம் தரையைப் பார்த்து முணுமுணுத்தாள். வீரபாகு தறியிலிருந்து எழுந்து வந்து, தெருவே பார்க்கக் கன்னியம்மாளை அறைந்தான்.

அன்றிலிருந்து புழக்கடையில் தனி அடுப்பு, தனிச் சட்டி, தனிக் கரண்டி. ரேணுவுக்கும் தனக்கும் கன்னியம்மாள் அங்கே சமைத்துக்கொண்டாள். நாத்தனாரோடு ஆறு வருஷம் முகம் பார்த்துப் பேசவில்லை. அடுத்த பிள்ளை என்ற பேச்சே அந்த வீட்டில் எழவில்லை. கல்யாணம், காதுகுத்து எதற்கும் அவள் போனதில்லை. போனால் ரேணுவை யார் பார்த்துக்கொள்வது? ரேணுவைக் கூட்டிப்போனால் யார் எதை ஊட்டுவார்கள் என்று பந்தியில் காவல் நிற்க வேண்டும். மெல்ல மெல்ல அழைப்பதையே நிறுத்திக்கொண்டார்கள்.

ரேணு வளர்ந்தாள். அம்மா கட்டிக் கொடுத்ததைத் தின்றுதான் வளர்ந்தாள், ஆனால் வளர வளர அதன்மேல் அவளுக்கு ஒரு வெறுப்பும் வளர்ந்தது. பன்னிரண்டு வயதில் ஒருநாள் பையைத் தரையில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"சினேகிதிங்க எல்லாம் ஒண்ணா ஒக்காந்து சாப்புடறாங்க. நான் மட்டும் ஓரமாப் போயி பொட்டலம் பிரிச்சிகினு இருக்கேன். நாய் மாதிரி."

"உசுரு முக்கியமா, சினேகிதிங்க முக்கியமாடி?"

ரேணு பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்தக் கேள்விக்கு அவளிடம் என்ன பதில் இருந்தது என்பதைக் கன்னியம்மாள் அப்போது யோசிக்கவில்லை.

பதினாறு வயதில் கடைசித் தடவையாக டாக்டரம்மாவிடம் காட்டினார்கள். அவர் ஓய்வுபெற்றுப் போகிற சமயம். ரேணுவை வெளியே அனுப்பிவிட்டுக் கன்னியம்மாளிடம் சொன்னார்: "கல்யாணம் செய்யற இடத்துல சொல்லிடுங்க. இவ கோதுமை சாப்பிட்டா கர்ப்பம் தங்காது. மறைக்காதீங்க."

மறைக்கவில்லை. முதலில் வந்த வரனிடம் சொன்னாள். காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். இரண்டாவதாக வந்தவர்களிடமும் சொன்னாள். அவர்கள் நன்றாகச் சிரித்துப் பேசிவிட்டுப் போய், வியாதிக்காரப் பெண் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். வீரபாகு அவளுக்கு முன்னால் வந்து நின்றான்.

"இன்னொரு வாட்டி வாயத் தொறந்தன்னா, உன்னியும் உன் பொண்ணையும் ஒண்ணா வெளிய தள்ளிடுவேன்."

அதைக்கூட அவள் தாங்கியிருப்பாள். மூன்றாவதாக வந்தவாசியிலிருந்து வரன் வருகிற அன்று காலையில், தலை பின்னிக்கொண்டிருந்த ரேணு திரும்பாமலே சொன்னாள்: "அம்மா, இந்த வாட்டி சொல்லாதம்மா. நான் பாத்து நடந்துக்கறேன். சத்தியமா."

மாப்பிள்ளை அருணகிரி அரிசி மண்டியில் வேலை பார்க்கிறவன். அமைதியான முகம். அவன் அம்மா பச்சையம்மாள் ரேணுவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அவள் உள்ளே போனதும் கேட்டாள்: "பொண்ணு ஒல்லியா கீதே. ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

கன்னியம்மாள் வாயைத் திறந்தாள். வீரபாகு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளறைக் கதவிடுக்கில் ரேணுவின் புடவைத் தலைப்புத் தெரிந்தது.

"வாகே அப்பிடித்தாங்க. எங்க வீட்ல எல்லாருமே ஒல்லிதான்" என்றாள் ஜெயம்.

கன்னியம்மாள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். 1987 வைகாசியில் கல்யாணம் நடந்தது.

வந்தவாசி வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அருணகிரியின் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. அதனால் தினமும் ஒரு வேளை வீட்டில் சப்பாத்திதான். தனியாக ஒருவருக்கு உலை வைக்கிற வழக்கமில்லை, வீட்டுக்கே சப்பாத்தி. அரிசி மண்டிக்காரன் வீட்டில் மருமகளுக்குக் கோதுமை. ரேணு முதலில் பசியில்லை என்றாள். அப்புறம் விரதம் என்றாள். எத்தனை நாளைக்கு விரதம் இருப்பது? பிறந்த வீட்டுச் சாப்பாட்டைத்தான் நினைக்கிறாள், நம் கை பிடிக்கவில்லை என்று பச்சையம்மாள் குறைப்பட்டுக்கொண்டாள். ரேணு ஒன்று தின்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் படுத்தாள். அடுத்த நாளும் தின்றாள்.

கன்னியம்மாள் ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறினாள். ஒரு மஞ்சள் பையில் அரிசித் தட்டை, பொரிவிளங்காய் உருண்டை, அவல் வறுத்தது, எல்லாம் சின்னச் சின்னப் பொட்டலமாக, புடவை மடிப்புக்குள் ஒளித்து வைக்கிற அளவில். இது திங்களுக்கு, இது செவ்வாய்க்கு என்று மகள் காதில் சொல்லிக் கொடுப்பாள். ரேணு பெட்டிக்குள் துணிக்கு அடியில் வைத்துக்கொண்டு, கிணற்றடியில் நின்று தின்பாள். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்து ஓரம், பத்தொன்பது வயதில் கிணற்றடி.

"சொல்லிடலாம்டி. நான் இப்பவே உன் மாமியார்கிட்ட சொல்றேன்" என்றாள் ஒருநாள்.

"இன்னான்னு சொல்லுவ? ஏமாத்திக் கட்டி வச்சேன்னா? கம்முனு போம்மா."

கன்னியம்மாள் கம்மென்று பஸ் ஏறி வந்தாள்.

முதல் கர்ப்பம் மூன்றாம் மாதம் கலைந்தது. இரண்டாவது ஐந்தாம் மாதம். அதற்கடுத்த வாரம் மருமகளின் பெட்டியைத் திறந்த பச்சையம்மாளின் கண்ணில், துணிக்கு அடியிலிருந்த பொட்டலங்கள் பட்டன. ஒரே மாதிரி மடித்து, நூல் சுற்றி, ஏழு பொட்டலம். மந்திரித்த சாமான் என்று அலறிவிட்டாள். வாராவாரம் சம்பந்தி பையோடு வந்து மகள் காதில் குசுகுசுத்தது, இரண்டு கர்ப்பம் கலைந்தது, எல்லாம் அவளுக்கு ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டது. பொட்டலங்களைத் தெருவில் கொட்டி மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினாள். ரேணுவை அன்றைக்கே ஆரணி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு நடக்க முடியாமல் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினாள். கை கால் குச்சி, வயிறு மட்டும் உப்பல். ஐந்து வயதுக் குழந்தை திரும்பவும் வந்து நிற்பதுபோல இருந்தது கன்னியம்மாளுக்கு.

மறுநாள் அவள் வந்தவாசிக்குப் போய் நேராக அரிசி மண்டிக்குள் நுழைந்தாள். மூட்டைகளுக்கு நடுவில் அருணகிரியை நிற்க வைத்து, வேலூர் சீட்டுகளைக் காட்டி, ஒன்றுவிடாமல் சொன்னாள். பன்னிலிருந்து தொடங்கிச் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். கேட்டு முடித்துச் சீட்டுகளை மடித்து அவள் கையிலேயே கொடுத்தான்.

"ரெண்டு வருசம் எங்கூடக் குடும்பம் நடத்தினா. ஒரு நாளும் சொல்லல. நீங்க வாராவாரம் வந்தீங்க. நீங்களும் சொல்லல."

"தப்புதான் தம்பி. என் மேலதான் தப்பு. அவ சின்னப் பொண்ணு."

"எங்க நைனாவுக்காகத்தாங்க வீட்ல சப்பாத்தி. இவளுக்கு ரெண்டு பிடி அரிசி தனியா போட எங்களுக்கு இன்னா கஷ்டம்? பொழுதெல்லாம் அரிசியிலதான நிக்கிறேன் நான்." பக்கத்து மூட்டையைத் தட்டிக் காட்டினான். "பொண்ணு பாக்க வந்தன்னிக்கே சொல்லியிருந்தாலும் நான் கட்டியிருப்பேன். அது உங்களுக்குத் தெரியாது. கேட்டிருந்தாத்தான தெரியும்?"

"இப்பவாச்சும் கூட்டிகினு போங்க தம்பி."

"இப்ப வந்து சொன்னா எங்கம்மா நம்புவாங்களா? மந்திரிச்சதை மறைக்க கதை கட்றாங்கன்னுவாங்க." இரண்டடி நடந்து திரும்பினான். "எனுக்கே பாதி நம்பிக்கை வரலைங்க" என்று சொல்லிவிட்டு மூட்டைகளுக்குள் போய்விட்டான்.

முதல் இரண்டு வீட்டாரிடம் சொல்லியிருக்கவே வேண்டாம். மூன்றாமவனிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். இதை அவள் பஸ்ஸில் ஆரணி வருகிறவரை திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து ரேணுவிடம் மறைக்காமல் அத்தனையும் சொன்னாள். இனி எதையும் மறைப்பதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள். அருணகிரி சொன்ன கடைசி வார்த்தைவரை கேட்ட ரேணு, பாயிலிருந்து எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நீ சொல்லியிருக்கலாம் இல்லம்மா?"

"நீதானடி சொல்லாதேன்னு..."

"நான்தான் சொன்னேன். அப்போ எனுக்கு வயசு பத்தொம்போது. நீ என் அம்மாதான? நான் சின்னப் புள்ளையில பன்னு கேட்டு மூணு நாள் அழுதேனாமே, குடுத்தியா? இல்லன்னு நின்னல்ல? இதுல மட்டும் ஏன் எம் பேச்சக் கேட்ட?"

கன்னியம்மாள் எழுந்து கஞ்சி காய்ச்சப் போனாள். அதற்கப்புறம் ரேணு அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் கன்னியம்மாள் ஊட்ட வந்த கஞ்சியை வாங்கித் தரையில் வைத்தாள். ஆறிப்போகிறவரை தொடவில்லை. மறுநாள் தானே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு புழக்கடைக்குப் போய், அடுப்பு மூட்டி ஒரு பிடி அரிசி போட்டாள். மூன்று மாதத்தில் உடம்பு தேறியது. கடைத்தெருவில் ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். தன் சாப்பாட்டைத் தானே கட்டிக்கொண்டு போனாள். அம்மாவின் கையால் எதையும் அவள் அதற்கப்புறம் வாயில் வைக்கவில்லை. கோபமாகச் சொல்லி மறுத்ததும் இல்லை. "இருக்கட்டும்" என்பாள், அவ்வளவுதான்.

1989 மார்கழியில், வந்தவாசிப் பக்கத்துப் பட்டு வியாபாரி ஒருவர் வீரபாகுவிடம் புடவை வாங்க வந்தபோது, பேச்சோடு பேச்சாக அருணகிரிக்குத் தேசூரில் இரண்டாந்தாரமாகப் பெண் எடுத்து, இப்போது அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போனார். ரேணு அப்போது வீட்டில்தான் இருந்தாள். ரவிக்கை ஒன்றுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவில்லை. நூலைக் கடித்து அறுத்துவிட்டு அடுத்த கொக்கியை எடுத்தாள்.

கன்னியம்மாள் புழக்கடையில் போய் உட்கார்ந்துவிட்டாள். தோள்வலியால் ராட்டை வேலையை விட்டு அப்போது நாலு மாதம் ஆகியிருந்தது. இரண்டு அடுப்பிலும் இப்போது சமைப்பது ரேணுதான், ஜெயத்துக்குக் கண் மங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் ரேணு தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து அம்மாவின் முன்னால் வைத்தாள். குழம்பை ஊற்றினாள். செம்பில் தண்ணீர் வைத்தாள்.

"நீ சாப்ட்டியாடி?"

"நான் அப்பால சாப்புடறேன். நீ சாப்புடு, ஆறுது."

"செத்த இங்க ஒக்காரேன்."

"கொக்கி தைக்கணும். நாளைக்குக் குடுக்கணும்."

ரேணு உள்ளே போய்விட்டாள். கன்னியம்மாள் சோற்றைப் பிசைந்தாள். உப்பு, காரம் எல்லாம் சரியாக இருந்தது.

சாப்பிட்டு முடித்துத் தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்தாள்.